கூரைக்கு ஊட்டிவிட்ட பெரியப்பா

"ஒண்ணுமே பண்ணாம இப்படியே விட்டா எப்படிம்மா உருப்படும்?"

பெரியப்பா இந்தக் கேள்வியைக் கேட்டபோது நாங்கள் இருவரும் மொட்டை மாடியில் நின்றிருந்தோம். அவருக்கு ஒரு பக்கம், தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்த குட்டிக் குட்டிச் செடிகள். இன்னொரு பக்கம், பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நின்ற நான். அவர் கேட்டது செடிகளையா, என்னையா? அப்போது எனக்கு விளங்கவில்லை. யாரைக் கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை என்பதால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

இப்போது பதில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், கேள்வி கேட்ட இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன். அந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் அக்கறைப் பேர்வழி.

தேடி எங்கும் அலைய வேண்டாம். நீங்கள் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது, ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் பட்டனை வந்து இன்னொரு முறை அழுத்துகிறாரே, அவர்தான். நீங்கள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது எங்கிருந்தோ முளைத்து, "வா, வா, வா, ஒடி, ஒடி" என்று கை காட்டி, சுவரில் இடித்த பிறகு "நிறுத்துன்னு சொன்னேனே" என்பவர். அடுப்பில் உங்கள் குழம்பு தன்பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருக்க, மூடியைத் திறந்து, முகர்ந்து, ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் மூடிவிட்டுப் போகிறவர். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் தனக்குப் போன வருஷம் மீந்த மாத்திரையைக் கொண்டுவருவார். காய்ச்சல் போய்விட்டது என்றால், போனது போனபடியே இருப்பதற்கு இன்னொரு மாத்திரை கொண்டுவருவார்.

இவருடைய மந்திரம் ஒன்றே ஒன்றுதான். "கொஞ்சம் போட்டா கெட்டா போயிடும்?"

இதைக் கேள்வி என்று நினைத்துப் பதில் சொல்லிவிடாதீர்கள். இவர் இதைச் சொல்லும் நேரத்தில் கை ஏற்கெனவே போட்டு முடித்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அக்கறைப் பேர்வழி கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்துவிடலாமே! நல்லவரை என்ன செய்வது? நள்ளிரவில் எழுப்பினாலும் உங்களுக்காக ஓடி வருவார். எழுப்பாவிட்டாலும் வருவார் என்பதுதான் சிக்கல்.

என் பெரியப்பா இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. ஓய்வு பெற்ற ரயில்வே அதிகாரி. ரயிலை ஓட்டியவர் இல்லை; ரயில் ஓடுகிறதா என்று மேற்பார்வை பார்த்தவர். இப்போது மேற்பார்வை பார்க்க ரயில் இல்லாததால் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் கட்டடத்தில் அவர் வீடு முதல் மாடியில். எங்கள் வீடு உச்சியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே.

உச்சி வீடு என்றால் என்னவென்று அங்கே குடியிருந்தவர்களுக்குத்தான் தெரியும். கோடையில் எங்கள் பின்னறைச் சுவரில் சட்டையை ஒட்டி வைத்தால் இஸ்திரியே போட்டுவிடலாம். மின்விசிறி காற்றைத் தராது. சூட்டைச் சமமாகப் பங்கு போட்டுக் கொடுக்கும். அந்த அறைக்குத்தான் என் அக்கா கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். மாமா வேலைக்குப் போயிருக்கும் ஊரில் இன்னும் வீடு அமையவில்லை. அமைகிற வரைக்கும் இங்கேதான். பாப்பாவின் கழுத்து, முதுகு எல்லாம் வேர்க்குரு. தூங்கினால் அரை மணி. விழித்தால் கட்டடமே விழிக்கும். அக்காவின் கண்ணுக்குக் கீழே கருவளையம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது.

அம்மா குடியிருப்போர் சங்கத்தில் போய்ப் பேசினாள். கெஞ்சினாள் என்று சொல்வதுதான் சரி. மொட்டை மாடியில் செடி பரப்பினால் கீழே சூடு இறங்காது என்று எங்கோ பார்த்துவிட்டு வந்திருந்தாள். சங்கம் ரொம்ப யோசித்து, பெரிய மனது பண்ணி, ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டது. ஒரு கோடை, ஒரு மழைக்காலம். அதற்குள் செடி நன்றாக வந்தால் இருக்கட்டும். வராவிட்டால் எல்லாவற்றையும் பெயர்த்து எறிந்துவிட்டுச் சிமெண்டு பூசிவிடுவார்கள். மறுபடி இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. ஆக, பாப்பாவின் தூக்கம் முழுவதும் அந்தச் செடிகளின் தலையில் இருந்தது.

வேலைக்கு வந்தவர் கூரைத் தோட்டம் போடுவதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு பெண்மணி. நாங்கள் அவரைக் கூரைக்காரம்மா என்போம். பேச்சுக்குக் காசு கேட்பதுபோல் அளந்துதான் பேசுவார். தண்ணீர் இறங்காத விரிப்பைப் போட்டு, அதன் மேல் செங்கல் பொடியும் நுரைக்கல்லும் கொஞ்சம் மக்கிய குப்பையும் கலந்து மெல்லிய அடுக்காகப் பரப்பினார். மண் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. ஏதோ வீடு இடித்த இடம்போல் இருந்தது.

அப்புறம் கூடை கூடையாகச் சீடம் வந்தது. சீடம் என்பது தடித்த குட்டி இலைகள் கொண்ட செடி. பார்த்தால் கத்தாழைக்குத் தூரத்துச் சொந்தம்போல் இருக்கும். இலைக்குள்ளேயே தண்ணீரைப் பதுக்கி வைத்துக்கொள்ளும். கிள்ளிப் போட்டாலும் போட்ட இடத்தில் வேர் விடும். ஒரு கூடையில் உருண்டை இலை, ஒன்றில் ஊசி இலை, ஒன்றில் நீலம் பூசியதுபோல், ஒன்றில் செம்பு நிறமாய். கூரைக்காரம்மா அவ்வளவு வகையையும் ஒரு பெரிய தொட்டியில் கொட்டி, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் புரட்டிக் கலந்தார்.

பெரியப்பா பதறிவிட்டார்.

"ஐயய்யோ, என்னம்மா இது? தனித்தனியா இருந்ததைப் போயி இப்படிக் கலந்துட்டீங்க?"

"கலந்துதான் சார் போடணும்."

"வரிசையா வெச்சா பாக்க அழகா இருக்குமே? இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் சிவப்பு, நடுவுல ஒரு வட்டம்..."

"ஒரே வகையா வெச்சா, அதுக்கு ஒரு சீக்கு வந்தா மொத்தமும் போயிடும். எது எங்க பிடிக்கும்னு எனக்குத் தெரியாது சார். கலந்து தூவிட்டா அதுங்களே பார்த்துக்கும்."

"அதுங்களே பார்த்துக்குமா?" பெரியப்பாவின் குரலில் இருந்த வேதனையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அவருடைய வாழ்நாளில் எதுவுமே தன்னைத் தானே பார்த்துக்கொண்டதாக அவருக்கு நினைவில்லை.

அதைவிடப் பெரிய அடி உரம் போடும்போது விழுந்தது. கூரைக்காரம்மா ஒரே ஒரு கோப்பை உர மணிகளை எடுத்தார். மெதுவாகக் கரையும் வகை. அதை ஒரு வாளி காய்ந்த மணலோடு சேர்த்துக் கலந்து, கோழிக்கு இரை போடுவதுபோல் மாடி முழுக்க வீசிக்கொண்டே நடந்தார்.

"மணல் எதுக்கு?" என்று கேட்டேன்.

"இவ்வளவு கொஞ்சத்தை இவ்வளவு பெரிய இடத்துல சமமா வீச முடியாதில்ல? ஒரே இடத்துல விழுந்தா கருகிடும்."

"அப்புறம் எப்போ போடுவீங்க?" இது பெரியப்பா.

"அடுத்த வருஷம்."

"அது வரைக்கும்?"

"ஒண்ணும் கிடையாது. இது கொஞ்சம் பசியா இருந்தாத்தான் சார் நல்லா இருக்கும்."

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "கேட்டியா? பசியா இருந்தா நல்லா இருக்குமாம். பெத்த புள்ளையை இப்படித்தான் வளர்ப்பாங்களா இந்தம்மா?"

பெற்ற பிள்ளை விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். அப்போதைக்கு, செடிகள் கூரைக்காரம்மா சொன்னபடியே நடந்துகொண்டன. வேர் பிடித்தன. படர்ந்தன. கோடை வந்தது. எங்கள் பின்னறை குளிர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மனுஷர் இருக்கிற அறையாக மாறியது. பாப்பா மத்தியானம் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்தாள். அக்கா தலை வாரிக்கொண்டாள். அதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டாள்.

பிறகு வெயில் ஏறியது. செடிகள் சிவக்க ஆரம்பித்தன.

சீடத்தின் சுபாவம் அது. வெயிலும் வறட்சியும் ஏறினால் சிவக்கும். அப்படிச் சிவந்தால் திடமாக இருக்கிறதென்று அர்த்தம். இதைக் கூரைக்காரம்மா போகும்போதே சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அக்கறைப் பேர்வழியின் காதில் சில செய்திகள் ஏறாது. "பிரச்சினை இல்லை" என்பது அவற்றில் முதலாவது.

"முகமெல்லாம் சிவந்து போச்சு பாரு" என்றார் பெரியப்பா. "வாயில்லாத ஜீவன், கேக்கவா முடியும்?"

அவர் உரக்கடையிலிருந்து ஒரு மூட்டையோடு வந்ததை நான் படிக்கட்டில் பார்த்தேன். "கூரைக்காரம்மா வேண்டாம்னாங்களே, பெரியப்பா" என்றேன். அவர் மந்திரத்தைச் சொன்னார். உங்களுக்குத்தான் அது மனப்பாடம் ஆகியிருக்குமே.

விளைவு என்ன தெரியுமா? பிரமாதமான விளைவு! அதுதான் கொடுமை. போட்டவுடன் வாடியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். செடிகள் பச்சைப் பசேல் என்று எழுந்து நின்றன. தரையை ஒட்டிக் கிடந்தவை முழங்கால் அளவுக்கு நெட்டையாக நீண்டன. கட்டடமே மேலே வந்து பார்த்துக் கைதட்டியது. பெரியப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாராட்டு வேண்டாதவர் மாதிரி, பாராட்டு முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றார்.

அக்கறை தொற்றும். வேறு எந்தத் தொற்றுக்கும் முகமூடி உண்டு, இதற்குக் கிடையாது. பெரியப்பா பேர் வாங்கிவிட்டார் என்றதும் கட்டடத்தில் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த அக்கறைப் பேர்வழிகள் எல்லோரும் கண் விழித்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் 'பாவம், நம்மை விட்டால் அதுகளுக்கு யார் இருக்கிறார்கள்' என்று நினைத்து, கையில் எதையோ மறைத்துக்கொண்டு தனித்தனியாகப் படியேறினார்கள். எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் மேலே போக வேண்டும். அந்த நாட்களில் எங்கள் வாசலில் இருந்த போக்குவரத்தைக் கட்டுப்படுத்த ஒரு போலீஸ்காரரே தேவைப்பட்டிருக்கும்.

கொஞ்ச நாளில் நெட்டைச் செடிகள் தம் எடை தாங்காமல் சாய்ந்தன. அவற்றுக்கு இடையில், யாரும் கூப்பிடாமலே, புல் வந்தது. கோரை வந்தது. சத்தில்லாத மண்ணில் எட்டிக்கூடப் பார்க்காத களைகள் எல்லாம், பந்தி போட்டிருக்கிறார்கள் என்ற சேதி கேட்டு வந்து உட்கார்ந்துகொண்டன. மறுபடி கூரைக்காரம்மாவைக் கூப்பிட்டோம். வந்தார். பார்த்தார். ஒரு தண்டைக் கிள்ளினார். அது வெந்த கீரைபோல் நசுங்கியது.

"யார் போட்டது?"

யாரும் போடவில்லையாம்.

"சரி. மழை முடியற வரைக்கும் யாரும் ஒண்ணும் பண்ணாதீங்க. சும்மா விடுங்க. பட்டினி கிடந்து அதுவா சரியாகணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இங்கேதான் எங்கள் கட்டடம் தன் திறமையைக் காட்டியது. ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று முடிவானதும், பெரியப்பா சங்கத்தைக் கூட்டினார். "ஒண்ணும் பண்ணாம இருக்கறதை ஒழுங்கா பண்ணணும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர், பெரியப்பா. யாராவது ஏதாவது செய்துவிடாமல் பார்த்துக்கொள்ள முறை வைத்துக் காவல். காவலுக்கு உட்கார நாற்காலி. நாற்காலிக்கு நிழல் வேண்டாமா, ஒரு குடை. குடையை நட, செடிகளுக்கு நடுவில் ஒரு கம்பம். "கை வைக்காதீர்கள்" என்று ஒரு பலகை. அந்தப் பலகையை ஆணி அடித்து நிறுத்துவதற்குள் ஒரு மூலையே மிதிபட்டுக் கூழாகிவிட்டது.

காவல் என்றால் என்ன? ஒருவர் தனியாக, செடிகளோடு, யாரும் பார்க்காமல் ஒரு மணி நேரம் இருப்பது. அக்கறைப் பேர்வழிக்கு இதைவிடப் பெரிய வரம் உண்டா? இரண்டாம் மாடிப் பல் டாக்டர், கீழ்வீட்டு டியூஷன் மாஸ்டர், எதிர்வீட்டு மீன்தொட்டிக்காரர் எல்லோரும் கடிகாரம் தவறாமல் காவலுக்குப் போனார்கள். வேலைக்குக்கூட அவர்கள் அப்படிப் போனதாக நினைவில்லை.

ஒரு நாள் மீன்தொட்டிக்காரர் வாளியோடு ஏறுவதைப் பார்த்துவிட்டேன்.

"அண்ணே, என்ன அது?"

"தண்ணிதாம்மா. வெறும் தண்ணி."

"பச்சையா இருக்குதே?"

"மீனு இருந்த தண்ணி. மீனே குடிக்குது, செடி குடிக்கக் கூடாதா?" என்றவர், குரலைத் தாழ்த்தி, "பெரியப்பாகிட்ட சொல்லிடாதேம்மா, அவர் ரொம்பக் கண்டிப்பு" என்றார்.

கண்டிப்பான பெரியப்பா அப்போதுதான் தன் முறையை முடித்துவிட்டுக் காலி மூட்டையோடு இறங்கிப் போயிருந்தார்.

மழை வந்தது. நாள் கணக்கில் பெய்தது. ஊட்டி ஊட்டி வளர்த்த செடிகள் தலை தூக்கவில்லை, அழுகின. அழுகியதும் களையும் சேர்ந்து தண்ணீர் போகிற வாயை அடைத்துக்கொண்டன. மாடி குளமானது; குளம் விரிப்பின் விளிம்பைத் தாண்டிக் கூரைக்குள் இறங்கியது. ஒரு காலையில் எங்கள் பின்னறைக் கூரையில், தொட்டிலுக்கு நேர் மேலே, ஈரம் ஒரு தட்டளவுக்குக் கறுத்திருந்தது. மத்தியானத்துக்குள் தட்டு தாம்பாளமாகி, ஒரு சொட்டு பாப்பாவின் நெற்றியில் விழுந்தது. அக்கா தொட்டிலை இழுத்துச் சமையலறை வாசலில் போட்டாள். அங்கே பாத்திரச் சத்தத்தில் பாப்பா தூங்கவில்லை. ஆகவே யாரும் தூங்கவில்லை.

நான் குடையைக்கூட எடுக்காமல் மேலே ஓடினேன். தண்ணீர் போகும் வாய் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. அங்கே போக வேண்டுமென்றால், தொட்டியிலிருந்து இறங்கும் தடித்த குழாய்க்கு அடியில் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு தவழ வேண்டும். தவழ்ந்தேன். அடைப்பைக் கையால் பிடுங்கினேன். குளம் சுழன்றுகொண்டு வடிந்தது. நிமிர்ந்து பார்த்தால், தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில், பாய் விரித்ததுபோல் சீடம். உருண்டை இலை, ஊசி இலை, நீலம், செம்பு எல்லாம் கலந்து, குட்டையாக, நெருக்கமாக, விரல் நுழைய இடமில்லாமல். மழையே பெய்யாததுபோல் கல்லாக நின்றது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் கூட்டம். கீழே, வண்டி நிறுத்துமிடத்தில். என்ன முடிவாகும் என்பது கூட்டம் தொடங்குமுன்பே தெரிந்திருந்தது. சிமெண்டு பூச ஆளைக்கூடச் சொல்லி வைத்துவிட்டார்கள். அக்கா பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தூணோரம் நின்றாள். கூரைக்காரம்மாவும் வந்து ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இந்தச் செடியே தரமில்லைங்க" என்று ஆரம்பித்தார் டியூஷன் மாஸ்டர். "எவ்வளவு கவனிச்சும் தேறலையே?"

எனக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது. எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டு வெளியே நிறுத்தப்பட்ட பழக்கம் உண்டு, பயமில்லை.

"யார் யாரெல்லாம் கவனிச்சீங்க? உங்களுக்கெல்லாம் நன்றி சொல்லணும்."

'யார் போட்டது' என்று கூரைக்காரம்மா கேட்டபோது ஒரு கைகூட எழவில்லை. 'யார் கவனித்தது' என்றதும் எழாத கை இல்லை.

"நான் எலும்புக்குப் பலம் வரட்டும்னு கால்சியம் மாத்திரையைப் பொடிச்சுப் போட்டேன்" என்றார் பல் டாக்டர்.

"மாத்திரை என்னங்க மாத்திரை! நான் எங்க பையன் குடிக்காம வெச்ச டானிக்கை முழு பாட்டிலும் ஊத்தினேன்" என்றார் டியூஷன் மாஸ்டர்.

"இயற்கையா செய்யணுங்க. நான் தினம் ஒரு வாளி மீன் தண்ணி."

"தினமுமா? நான் காப்பிச் சக்கை, முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் மூணும்" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

பெரியப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். தன் புகழ் கண்ணெதிரே களவு போவதை எந்தத் தலைவரால் தாங்க முடியும்? "நீங்கல்லாம் பேசறீங்க" என்று எழுந்தார். "மூட்டை மூட்டையா போட்டவன் நான்."

 அப்போதுதான் கூரைக்காரம்மா வாயைத் திறந்தார். "இதுல பாதியைப் போட்டிருந்தா ஒரு புளிய மரமே பட்டுப் போயிருக்கும்."

நான் நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு தட்டை எடுத்து மேசையில் வைத்தேன். தொட்டிக்குப் பின்னாலிருந்து பெயர்த்த ஒரு கைப்பிடிச் சீடம். அந்தச் செம்பையும் நீலத்தையும் பார்த்து எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இது நம்ம மாடியிலதான் இருக்குது. இதை மட்டும் இவ்வளவு நல்லா வளர்த்தது யாரு?"

"நான்தான்" என்றார் பெரியப்பா, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல். "அந்த மூலைக்குன்னு தனியா ஒரு பங்கு போடுவேன்."

"இது தண்ணித் தொட்டிக்குப் பின்னால இருக்குது பெரியப்பா. குழாய்க்கு அடியில தவழ்ந்து போனாத்தான் அங்க போக முடியும்."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அத்தனை கண்களும் மெதுவாகப் பெரியப்பாவின் தொந்தியில் போய் நின்றன. பெரியப்பாவும் குனிந்து, அதை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு அவருடைய கண்கள் மற்றவர்களின் தொந்திகளைச் சுற்றி வந்தன. அந்தக் கட்டடத்தில் குழாய்க்கு அடியில் நுழையக்கூடிய அக்கறைப் பேர்வழி ஒருவர்கூட இல்லை என்பது அனைவருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது.

அப்போது பாப்பா அழுதாள். கூட்டம் திரும்பியது. அக்கா தூணைவிட்டு முன்னால் வந்தாள்.

"எனக்கு அழகு வேணாம், பூ வேணாம். இவ கொஞ்சம் தூங்கணும். அதுக்கு நீங்க யாரும் எதுவும் பண்ண வேணாம். தயவு பண்ணி எதுவுமே பண்ணாதீங்க. முடியுமா உங்களால?"

 சிமெண்டுக்குக் கை தூக்கச் சொன்னபோது ஒரு கையும் எழவில்லை. பெரியப்பாவின் கை பாதி தூரம் எழுந்து, காதைச் சொறிந்துவிட்டு இறங்கிவிட்டது.

அடுத்து, மாடிக் கதவைப் பூட்டி வைப்பது என்றானது; சாவி யாரிடம் இருப்பது? "நான் பத்திரமா வெச்சுக்கறேன்" என்று ஒரே நேரத்தில் பல குரல்கள். அம்மாதான் முடித்து வைத்தாள். "மேலே போக நேரமே இல்லாத ஆள்கிட்ட குடுங்க" என்றாள். கைக்குழந்தைக்காரியைவிட நேரமில்லாத ஆள் அந்தக் கட்டடத்தில் ஏது? சாவி அக்காவுக்குப் போனது. அது இப்போது எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. கூரை நலமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

கூரைக்காரம்மா அழுகியதையெல்லாம் வாரிக் கொட்டி, கொழுத்துப் போன மேல் அடுக்கைச் சுரண்டி எடுத்து, புதிதாகச் செங்கல் பொடி பரப்பினார். நான் குழாய்க்கு அடியில் போய் வந்து, மூலைச் செடிகளைக் கிள்ளிக் கிள்ளி எடுத்துக் கொடுத்தேன். அதே கலக்கும் தொட்டியில் போட்டு, இரண்டு கையாலும் புரட்டிக் கலந்து, தூவிவிட்டு வந்தோம். கோப்பை உரம்கூட இந்த வருஷம் கிடையாது. பட்டினிதான்.

பெரியப்பாவை என்ன செய்வது? அவர் கையைக் கட்டிப் போட முடியாது. கட்டினால் காலால் ஏதாவது செய்வார். எதைப் போட்டாலும் தின்கிற செடி எது என்று கூரைக்காரம்மாவிடம் கேட்டு, வாசல் கேட் அருகே ஒரு பீப்பாயில் பூசணி வைத்துக் கொடுத்தோம். இன்று அது கேட்டைத் தாண்டி, சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பிடித்து, தபால் பெட்டிகளின் மேல் ஏறிவிட்டது. ஒவ்வொரு இலையும் குடை அகலம். காய் மட்டும் ஒன்றுகூடக் கிடையாது.

"இன்னும் கொஞ்சம் போட்டா காய்ச்சிடும்" என்கிறார்.

கோடை திரும்பிவிட்டது. மேலே கூரை சிவந்துகொண்டிருக்கிறது. கீழே பின்னறையில் பாப்பா தூங்குகிறாள், மணிக்கணக்காக. போன வாரம் கூரைக்காரம்மா வேலை எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தார். சாவி கிடைக்கவில்லை என்றதும் "நல்லது" என்றார். அப்படியே தொட்டில் பக்கம் போனார். பசியாக இருந்தால்தான் நல்லது என்ற அதே அம்மாள், சும்மா விடுங்க என்ற அதே அம்மாள், தொட்டிலுக்குள் குனிந்து பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டார்:

"ஏம்மா, இவ்வளவு நேரமாவா தூங்குது? பசிக்குமே. லேசா எழுப்பிப் பாக்கலாமா?"

அக்கா அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். இறங்கும்போது நின்று, என்னைப் பார்த்து, "நீ என்னம்மா படிக்கப் போறே? தோட்டக்கலை எடேன். கம்ப்யூட்டரும் சேர்த்து எடுத்துக்கோயேன், கெட்டா போயிடும்?" என்றார்.

ஆக, ஒன்றுமே பண்ணாமல் விட்டால் எப்படி உருப்படும் என்று பெரியப்பா கேட்டாரே, அதற்குக் கூரை பதில் சொல்லிவிட்டது. அவர் கேட்டது என்னையாக இருந்தால், தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். நான் இப்போதுதான் வேர் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். இதைப் படித்தபோது உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். உங்கள் மாமனாரோ, மேலதிகாரியோ, பக்கத்து வீட்டுக்காரரோ. மறக்காமல் இதை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவரும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வேறு ஒரு முகத்தை நினைத்துக்கொண்டு, இதை அங்கே கொண்டு சேர்ப்பார். இப்படியே போகட்டும்.

கொடுக்கப் போகுமுன் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யோசித்துப் பாருங்கள். இதை உங்கள் கையில் கொடுத்தது யார்?

உங்களைப் பார்த்து ஏன் சிரித்துக்கொண்டே கொடுத்தார்?